மூடு என்றொரு பொத்தான்

"கனெக்‌ஷன் போச்சு" என்றால் எங்கள் ஊரில் பல அர்த்தம். கரண்ட் போயிருக்கலாம். போன் லைன் செத்திருக்கலாம். காற்றில் கேபிள் டிவி ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். இது எதுவுமே இல்லாத இன்னொரு கனெக்‌ஷன் போய், அது எங்கே போனது என்று தேட ஒரு சித்திரை மாசத்தில் என்னைச் சென்னையிலிருந்து உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள்.

அப்போது நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பிராட்பேண்ட் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த வருஷங்கள். கம்பெனி என்றால் ஒரு வீட்டு மாடி, ஏசி ஓடாத ஒரு ரூம், எப்போதும் போனில் இருக்கும் ஒரு மேனேஜர். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அது உடைந்ததும் என் தலையில் வந்து விழும். அடுத்தவர் எழுதியதைப் படித்துப் படித்தே எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது. "உங்க ஊருதானே, வீட்டையும் பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றார் மேனேஜர். லாட்ஜ் போட வேண்டியதில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எங்கள் வாடிக்கையாளர் நெல் அறுக்கும் மிஷின்களை வாடகைக்கு விடுகிறவர். சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே தலைமை ஆபீஸ். சுற்றுப்பட்ட ஊர்களில் ஆறு ஏஜெண்டுகள். முன்பெல்லாம் ஒரே வண்டியை ஒரே நாளைக்கு இரண்டு ஏஜெண்டுகள் இரண்டு ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் நடுரோட்டில் டிரைவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுப்பார்கள். இந்தக் கூத்து வேண்டாமென்றுதான் அவர் எங்களிடம் ஒரு வெப் புரோகிராம் வாங்கினார். எந்த வண்டி எந்த வயலுக்கு எந்த நாள் என்று ஓர் ஆபீஸில் போட்டால் மற்ற ஆபீஸ்களிலும் உடனே தெரியும். எல்லாம் சென்னையில் ஒரு சர்வரில், ஒரே டேட்டாபேஸில் சேர்ந்திருக்கும்.

காலையில் அது நன்றாகத்தான் ஓடியது. வெயில் ஏற ஏறத்தான் கோளாறு. யாராவது உள்ளே நுழைந்தால், 'தரவுத்தளத்துடன் இணைப்பு கிடைக்கவில்லை' என்று திரையில் ஒரு வரி வரும். எல்லாம் தமிழில் இருக்க வேண்டுமென்று மிஷின் ஓனர் கேட்டிருந்ததால், அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் கம்பெனியில் யாரோ போட்ட தமிழ் அது. அந்த 'தளம்' எந்தத் தளம் என்று ஓனருக்குச் சந்தேகம். மொட்டை மாடிக்கு ஆள் அனுப்பி, அங்கே ஒயர் ஏதாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். போன் லைன்காரர் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

நான் போய் இறங்கியபோது நவரைப் பருவத்து நெல் அறுப்பு உச்சத்தில் இருந்தது. ஏரிக்கு மேலே தினமும் சாயங்காலம் கருமேகம் கட்டியது. ஒரு கோடை மழை அடித்தால் போதும், முற்றிய நெல் சாய்ந்து முளைவிட்டுவிடும். ஆபீஸ் வாசலில் மிஷினுக்காகக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. ஓனர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார்.

"இது வந்து குந்தின நாளா இதே பேஜாராக் கீதும்மா. கைராசின்னு ஒண்ணு கீது இல்ல? இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிக் குடு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவள் காது கேட்கத்தான் சொன்னார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் தட்டச்சு படித்தவள், தமிழில் வேகமாக அடிப்பாள். தலைமை ஆபீஸுக்கு ஆள் தேடியபோது வந்தவர்களில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடாதவள் அவள் ஒருத்திதான் என்று ஓனரே எனக்குப் போனில் சொல்லியிருந்தார். அவள் அம்மாவும் அக்காவும் நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை அவர்கள் வீட்டில் அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது. அவள் சேர்ந்த அதே வாரம்தான் அறுப்பு ஆரம்பித்தது, ஏழு ஆபீஸும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன, கோளாறும் ஆரம்பித்தது. மழையில் நனைந்தவள்தான் மழையைக் கூட்டி வந்தாள் என்பது மாதிரி ஒரு கணக்கு.

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, நெசமா என்னாலதானா?"

இல்லை என்றேன். அப்போது அது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது எது பழுதில்லை என்று ஒவ்வொன்றாகக் கழிப்பது. எங்கள் புரோகிராமின் முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் படம் உண்டு. அது வந்தது. அப்படியானால் போன் லைன் நன்றாக இருக்கிறது, சென்னையில் சர்வரும் விழித்திருக்கிறது. பாஸ்வேர்ட் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன், மாறவில்லை. டேட்டாபேஸின் முகவரி சரியாக இருந்தது. பிள்ளையார் வரைக்கும் வருகிறது, அதற்குப் பின்னால் போகமாட்டேன் என்கிறது. சர்வர் வைத்திருந்தவருக்குப் போன் போட்டேன். டேட்டாபேஸுக்குள் ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று வரம்பு இருக்கிறது, அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார் அவர். உங்களிடம் மொத்தம் எத்தனை ஆபீஸ் என்று கேட்டார். ஏழு என்றேன். ஏழு பேருக்கா அத்தனை இடமும் நிரம்பியது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான். காலையில் ஒருவர் புரோகிராமுக்குள் நுழையும்போது அது டேட்டாபேஸில் அவருக்கென்று ஒரு துண்டைப் போட்டுவிடும். அவர் முறையாக வெளியே வந்தால்தான் துண்டை எடுக்கும். சொல்லாமல் எழுந்து போய்விட்டால் துண்டு அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் புரோகிராம் மறுபடி முதலிலிருந்து நுழையச் சொல்லும். அவரே திரும்பி வந்தாலும் தன் பழைய துண்டு அவருக்குத் தெரியாது, புதிதாக ஒன்று போடுவார். ஆள் இல்லாத துண்டாலேயே பஸ் நிரம்பிவிடும். ராத்திரி சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்புவார்கள் என்பதால் காலையில் எல்லா சீட்டும் காலி. வேலை இருக்கும்போது மட்டும் துண்டு போட்டு உடனே எடுப்பதுதான் நல்ல முறை. இதை எழுதின புண்ணியவான் அப்படி எழுதவில்லை. எழுதிவிட்டு அவர் பெங்களூருக்குப் போய்விட்டார்.

சரி, கேட்பாரில்லாத துண்டுகளைப் போட்டது யார்? கரண்ட் கட் என்று முதலில் நினைத்தேன். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் சொல்லாமல்தானே சாகும். சொல்லி வைத்தாற்போல மறுநாள் கரண்ட் போகவே இல்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே பஸ் நிரம்பிவிட்டது. வாசலில் ஒரு பெரியவர், வயலில் நெல் கொட்டுகிறது, இங்கே பொம்மை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கிற மாதிரி யாரிடமோ சொன்னார். நான் தலை நிமிரவில்லை. அலுப்பில் அழுகைகூட வராது என்று அந்த வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். நாஷ்டாவுக்கு எழுந்தால்கூடப் புரோகிராமிலிருந்து ஒழுங்காக வெளியே வந்துவிட்டுத்தான் எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் போனில் கற்றுக்கொடுத்தபடியே செய்தாள். சரியாக நடப்பது யார் கண்ணிலும் படாது, என் கண்ணிலும் படவில்லை. வெள்ளிக்கிழமை, மற்ற ஆபீஸ்களில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கத் திருப்புலிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

திருப்புலிவனத்து ஏஜெண்ட் நடுவயசுக்காரர், முன்பு உரக்கடை வைத்திருந்தவர். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். வேலையை வேகமாகத்தான் செய்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்து, மானிட்டரை மட்டும் நிறுத்தி, அதன் மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தினார். புரோகிராமிலிருந்து வெளியே வரவில்லை. வெளியே வராமல் போகிறீர்களே, அந்த 'மூடு' பொத்தானை அழுத்த வேண்டாமா என்று கேட்டேன். அவர் சட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"தொழில் பண்ற எடத்துல அந்த வார்த்தைய சொல்லலாமாம்மா? அறுப்பு நேரத்துல அத்தப் போய் அமுக்குவாங்களா யாராச்சும்? நாங்க ஆருமே அமுக்கறதில்ல."

இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கடையை மூடுவது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார், எடுத்து வைக்கிறது என்றுதான் சொல்வார் என்று எனக்கு நடை பழகின நாளிலிருந்து தெரியும். உத்திரமேரூர் ஓனரே, கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்ட ஒரு புது டிரைவரை வாய் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டார். அந்தப் பொத்தானுக்கு முதலில் 'வெளியேறு' என்று பெயர் வைத்திருந்தார்கள். புரோகிராமை முதன்முதலாகக் காட்டிய அன்று, என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னையே வெளியேறு என்கிறதா என்று ஓனர் கொதித்துவிட்டார். கம்பெனியில் யாரோ அதை 'மூடு' என்று மாற்றினார்கள். மாற்றியாகிவிட்டது என்று போனில் சொன்னோம். என்னவென்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அதைவிட, அந்தப் பெண்ணின் மேல் ஒரு தூசு பழியும் இல்லை. அறுவரும் துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், எடுப்பவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடலாம். ஓனர் அவளைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவார் என்றுகூட நினைத்தேன்.

ஆபீஸுக்குள் போனதும் அவர் முன்னால் உட்கார்ந்து பஸ், துண்டு எல்லாம் வைத்து விளக்கினேன். துண்டுக் கதை அவருக்கு நன்றாகப் பிடித்தது, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் சொன்னேன்: ஒரு ஏஜெண்ட்கூட அந்தப் பொத்தானை அழுத்துவதில்லை. தினமும், ஒவ்வொரு தடவையும், தவறாமல் அழுத்துகிறவள் இந்தப் பெண் மட்டும்தான். எல்லாரும் இவளைப் போல இருந்திருந்தால் ஒரு நாள்கூட உங்கள் வண்டி நின்றிருக்காது.

அவர் தலையாட்டுவது நின்றது.

"இன்னா பொத்தான் அது?"

சொன்னேன். அவர் எழுந்து கம்ப்யூட்டர் கிட்டே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வார்த்தையைப் படித்தார். அதுவரை அவர் அந்தத் திரையைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததே இல்லை. பிறகு அவளைப் பார்த்தார்.

"தெனமும் அமுக்கறியா?"

"ஆமாங்க. அக்கா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் திரும்பி என்னிடம் வந்து மெதுவாகப் பேசினார். கோபமே இல்லை. "பாத்தியாம்மா. நான் கைராசின்னேன், நீ படிச்ச பொண்ணு, நம்பல. இப்ப நீயே கண்டுபுட்சிக்கினு வந்து சொல்றே. என் வூட்லயே குந்திக்கினு நாளெல்லாம் மூடு மூடுன்னு அமுக்கியிருக்கா. அப்பறம் எப்பிடித் தொறக்கும்?"

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் செய்தேன். இடம் நிரம்பினது மற்றவர்களால் என்றேன், அழுத்தாததுதான் தப்பு என்றேன், வேண்டுமானால் சர்வர்காரரையே போனில் கேளுங்கள் என்றேன். அந்தப் பெயரை வைத்தது எங்கள் கம்பெனி, அழுத்தச் சொன்னது நான், அவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். காது கேட்டது, உள்ளே போகவில்லை. பிள்ளையார் வரைக்கும் வந்து நின்றுவிட்ட மாதிரிதான்.

அவளிடம் அவர் வேலையில்லை என்று சொல்லவில்லை. அவர் கடையில் சொல்லக்கூடாத வார்த்தைகளில் 'இல்லை'யும் ஒன்று. "கொஞ்ச நாளு வூட்ல இரும்மா. சொல்லி அனுப்பறேன்" என்றார். நல்ல வார்த்தையாகவே பேசிப் பழகினவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள். பழக்கதோஷத்தில் அந்தப் பொத்தானிடம் கை போய்விட்டு, பாதியில் நின்று திரும்பியது. எழுந்து நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். என்னைப் பார்த்து, "வரேன்க்கா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். துண்டு போடும் முறையையே மாற்றி எழுதினால்தான் நிரந்தரத் தீர்வு என்று அவருக்கும் புரிந்தது. ஆனால் அதற்கு நாளாகும், அறுப்பு காத்திருக்காது. இப்போதைக்குப் பொத்தானின் பெயரை மட்டும் மாற்றிவிடலாம், என்ன வைக்கலாம் என்று கேட்டார். 'வரேன்' என்று வைக்கச் சொன்னேன். வெளியே போகிற பொத்தானுக்கு யாராவது வரேன் என்று வைப்பார்களா என்றார். இந்த ஊரில் அப்படித்தான் என்றேன். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு ஊர்களுக்கும் போன் போட்டு, எழுந்திருக்கும்போதெல்லாம் 'வரேன்' அழுத்த வேண்டும் என்று சொன்னேன். யாருக்கும் எந்தத் தயக்கமும் இல்லை. திருப்புலிவனத்துக்காரர், இது நல்ல பேராக இருக்கிறது என்று பாராட்டினார். அவள் நாற்காலியில் நானே உட்கார்ந்து பதிவு போட்டேன். மத்தியானம் தாண்டியும் கனெக்‌ஷன் போகவில்லை. சாயங்காலம் வரை போகவில்லை. வண்டிகள் வரிசையாகக் கிளம்பின, வாசலில் கூட்டம் கரைந்தது. ஓனர் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார், பிறகு அவரே வந்தார்.

"அவ எழுந்தா, எல்லாம் சரியாப் பூட்ச்சு. பாத்தியா?"

பொத்தானின் பெயரை மாற்றினோம், இப்போது எல்லாரும் அழுத்துகிறார்கள், அதனால்தான் என்று மறுபடி சொன்னேன்.

"அதாம்மா நானும் சொல்றேன்" என்றார்.

அறுப்பு முடிந்ததும் அந்தப் பகுதி முழுவதையும் நான் திருத்தி எழுதினேன். அதற்குப் பிறகு யார் எதை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் கனெக்‌ஷன் தானாக விடுபட்டுவிடும். பொத்தான் வெறும் அலங்காரத்துக்குத்தான். இருந்தாலும் அதை எடுக்க வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் அவருடைய அக்காள் மகன் வந்து உட்கார்ந்தான், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டு. சொல்லி அனுப்பினீர்களா என்று அவரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டேன். அனுப்பலாம் அனுப்பலாம் என்றார்.

ஆடி மாசம் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கூட்டம் நெரிந்தது. நடவு முடித்து வந்த பெண்கள் நாலைந்து பேர் ஒரு ஓரமாக நின்றிருந்தார்கள், காலில் சேறு காய்ந்திருந்தது. அதிலிருந்து அவள் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கனெக்‌ஷன் வருதாக்கா?"

வருகிறது என்றேன். எதனால் அப்படி ஆனது என்று கேட்டாள். இவளுக்காவது புரியச் சொல்லிவிட வேண்டுமென்று துண்டு, பொத்தான், திருப்புலிவனத்துக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல் தப்பே இல்லை, சரியாகச் செய்தவள் நீ ஒருத்திதான் என்றேன். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். "எங்காளுங்க யாருக்கா கடை வச்சிருந்தாங்க, அப்பிடிச் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியறதுக்கு?" என்றாள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் படிக்கட்டுப் பக்கம் ஓடுவதற்குள் அவள் தோளிலிருந்த துண்டை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டுவிட்டு, "போய்க் குந்துங்கக்கா" என்றாள். முண்டியடித்து ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். துண்டில் சேற்று வாசம் அடித்தது.

ஜன்னல் வழியாகத் துண்டை நீட்டினேன். வரேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த வார்த்தையை ஏழு ஆபீஸிலும் ஒட்டி வைத்தவள் நான், எனக்கு அது வாயில் வரவில்லை. "போறேம்மா" என்றேன்.

அவள் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போறேன்னு சொல்லாதீங்கக்கா. வரேன்னு சொல்லுங்க."